மீதி ஏழு

மார்ச் 4

அன்புள்ள குட்டிக்கு,

இங்கே நான் இருக்கிறேன், நீ எப்படி இருக்கிறாய்? கடைவாய்ப் பல்லைப் பிடுங்கித் தொலை என்று போன தடவையே எழுதினேன். சொன்னால் கேட்கிற ஜென்மமா நீ!

இனிமேல் எனக்கு எழுதுவதைத் தெருமுனைத் தையல்காரம்மா கடை முகவரிக்கு எழுது. போனில் பேசலாமே என்பாய். போன் அவர் மேஜைமேல் இருக்கிறது. அவரும் மேஜையில்தான் இருக்கிறார்.

ஒன்பது வருஷமாக உன் அத்தான் ஏதோ கணக்குப் போடுகிறார் என்று மட்டும் உனக்குத் தெரியும். என்ன கணக்கு என்று யாரிடமும் மூச்சு விடக் கூடாது, விட்டால் எவனாவது திருடிவிடுவான் என்பது இங்கே உத்தரவு. இப்போது அவரே அழைப்பிதழ் அச்சடித்துவிட்டதால் சொல்கிறேன். அந்த மகா ரகசியம் இதுதான்: 11111111111. வரிசையாகப் பதினொரு ஒன்று, அவ்வளவுதான். இது ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத பகா எண் என்று காட்டப் போகிறாராம். எப்படி? இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று ஒவ்வொரு பகா எண்ணாலும் கையால் வகுத்து வகுத்து. 1,05,409 வரை போனால் போதுமாம். தொண்ணூற்றெட்டாயிரத்தைத் தாண்டியாயிற்று. ஐம்பது நோட்டு ஆகிவிட்டது.

எடைமேடையில் பகல் முழுக்க லாரிக்கு எடை எழுதுகிற மனுஷன், வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்காருகிறார். அவர் வகுப்பார். வந்த ஈவை நான் திருப்பிப் பெருக்கி, மீதியைக் கூட்டி, பதினொரு ஒன்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பகலில் தரையைப் பெருக்கு, சாயங்காலம் எண்ணைப் பெருக்கு, இதுதான் என் பிழைப்பு.

எனக்கு அந்த எண்ணைக் கண்டாலே குமட்டுகிறது குட்டி. சுவரில் கறுப்பு எனாமல் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறார். எச்சில் விரலால் பக்கம் புரட்டிப் புரட்டி ஒவ்வொரு தாளின் மூலையும் மஞ்சள் பிடித்து மொறமொறத்துப் போயிருக்கிறது. அதே மூலையை நானும் தொட வேண்டும். பேனா எழுதாவிட்டால் முனையை நக்குவார், நாக்கெல்லாம் நீலம். சாப்பாடும் அதே மேஜையில்தான், ரெக்ஸின் விரிப்பில் முழங்கை ஒட்டிக்கொள்ளும். சீ, எழுதும்போதே கை பிசுபிசுக்கிறது.

ஆகஸ்டில் கணித ஆசிரியர் சங்கக் கூடத்தில் விழாவாம். மேடை, மைக், மாலை எல்லாம் உண்டாம். நீயும் கல்லூரியில் கணக்குத்தானே சொல்லிக்கொடுக்கிறாய், உன்னையும் கூப்பிடச் சொன்னார்.

வெயிலில் குடையில்லாமல் அலையாதே.

உன் அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

பல்லைப் பிடுங்கியாயிற்று. ஒரு பக்கம் கன்னம் பன் மாதிரி வீங்கி, வகுப்பில் பிள்ளைகள் சிரிக்காமல் இருக்கப் படாத பாடு படுகிறார்கள். உன் முதுகுவலி எப்படி? அத்தான் சௌக்கியமா?

அக்கா, ஒன்றை எண்ணிச் சொல். நிஜமாகவே பதினொரு ஒன்றுதானா? நீ அவசரத்தில் கூடக் குறைய எழுதிவிடவில்லையே? சுவரில் இருக்கிறது என்றாயே, விரலை வைத்து எண்ணிப் பார்.

அத்தான் ஏன் இதில் விழுந்தார் என்று புரிகிறது. இந்த எண்கள் ஆளை ஏமாற்றும். இரண்டு ஒன்று, அதாவது 11, பகா எண். மூன்று ஒன்று 3 × 37 என்று உடைந்துவிடும். ஏழு ஒன்று பார்த்தால் கல் மாதிரி இருக்கும், அதுவும் 239 × 4649. பதினொன்று வரும்போது உடையாது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

பதினொன்றுதான் என்றால் ஒரு வேலை செய். 21649 என்ற எண்ணால் அத்தான் வகுத்த பக்கத்தைத் தேடி, அங்கே மீதி என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு எழுது. பத்து வரியில் பதில் போதும். அத்தான் மாதிரி அமைதியான மனுஷன் கிடைத்ததற்கு நீ கொடுத்து வைத்தவள் என்று நம் அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். அவர் ஆசைப்பட்ட விழா நல்லபடியாக நடக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

குட்டி

ஏப்ரல் 20

அன்புள்ள குட்டிக்கு,

சௌக்கியமா? கன்னம் வற்றியதா? எனக்கு முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது, அது என்னைவிட்டு எங்கே போகும்?

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தண்ணீர்க்குழாய் உடைந்து ஒரு வாரம் வாளியும் கையுமாக அலைந்தேன். தையல்காரம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அவள் தைத்துக்கொண்டிருந்த இரண்டு ஜாக்கெட்டுக்கு நான்தான் கொக்கி தைத்துக் கொடுத்தேன்.

அழைப்பிதழின் பின்பக்கம் என்ன போட்டிருக்கிறார் தெரியுமா? ஒன்பது ஒன்றைத் தன்னாலேயே பெருக்கினால் 12345678987654321 என்று அழகாக ஏறி இறங்கும். சரி, அது பார்க்க நன்றாக இருக்கிறது. இவருடைய பதினொன்றைப் பெருக்கினால் 123456790120987654321. ஏறும்போது எட்டைக் காணோம், நடுவே ஒரு பன்னிரண்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. பல் போன வாய் மாதிரி இருக்கிறது. இதைத் தங்க நிற மையில் அச்சடித்திருக்கிறார்! "அசிங்கமா இருக்குங்க"ன்னு சொன்னேன். "உனக்கு என்ன தெரியும்?"னு ஒரு பார்வை பார்த்தார்.

இப்போது தினம் ஐந்து வகுத்தல். ஜூலையில் முடிந்துவிடும் என்கிறார். மேஜையடியில் காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறார், அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் கேட்கிறது.

நீ கேட்ட பக்கத்தைப் பார்க்க முடியவில்லை. பழைய நோட்டெல்லாம் மேல் அலமாரியில். ஸ்டூல் ஆடுகிறது.

உடம்பு பத்திரம்.

அக்கா

ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும். ஸ்டூலுக்கு அடியில் ஒரு அட்டையை மடித்து வை, ஆடாது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அத்தானுடைய எண் பகா எண் இல்லை. 21649ஆல் மீதியே இல்லாமல் வகுபடும், ஈவு 513239. இது நான் கண்டுபிடித்ததில்லை, பழைய அட்டவணைகளிலேயே இருக்கிறது. கல்லூரிக் கணிப்பொறியில் போட்டேன், நான் பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் விடை வந்துவிட்டது.

அப்படியானால் எங்கோ அவர் ஒரு வகுத்தலைத் தப்பாகப் போட்டுவிட்டு அதற்கப்புறம் வருஷக்கணக்காகப் போய்க்கொண்டிருக்கிறார். கணக்கு வாத்தியார்கள் நிறைந்த கூடத்தில் மாலையும் கழுத்துமாக நிற்பார். யாராவது ஒருத்தர் எழுந்து இந்த இரண்டு எண்ணையும் சொன்னால் போதும், மனுஷன் உயிரோடு செத்துவிடுவார். இப்போதே சொல்லிவிட்டால் வருத்தம் வீட்டோடு போகும்.

உனக்குச் சொல்லத் தயக்கமாக இருந்தால் நானே அத்தானுக்குப் பக்குவமாக எழுதுகிறேன். எழுதட்டுமா?

குட்டி

மே 3

குட்டி,

எழுதாதே. உன் கால்களைக் கட்டிக்கொண்டு கேட்கிறேன், ஒரு வரி எழுதாதே. அவர் பேருக்கு உன்னிடமிருந்து கடுதாசி வந்தால் அவ்வளவுதான்.

நான் நன்றாக இருக்கிறேன்.

அக்கா

மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. நாலு வரிக் கடிதத்தில் நன்றாக இருக்கிறேன் என்று எழுதுகிறவள் நன்றாக இருக்க மாட்டாள்.

நான் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். ஆனால் நீ எதையோ மென்று விழுங்குகிறாய். இரண்டு கடிதத்திலும் அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. குழாய் உடைந்தது எழுதினாய், கொக்கி தைத்தது எழுதினாய். பார்க்கவில்லை என்றாய், ஆனால் அந்த எண் வகுபடும் என்று நான் எழுதியதற்கு "அப்படியா?" என்று ஒரு ஆச்சரியம்கூட இல்லை. ஒன்பது வருஷம் பெருக்கிப் பார்த்தவள் நீ!

கோபமில்லை அக்கா. ஒன்றே ஒன்று சொல். அந்தப் பக்கத்தில் வகுத்தல் யார் கையெழுத்தில் இருக்கிறது?

மாத்திரையை மறக்காதே.

குட்டி

ஜூன் 20

அன்புள்ள குட்டிக்கு,

நீ நலமாக இரு. ஐந்து வாரமாக இதை எழுதுகிறேன், கிழிக்கிறேன். இன்று கிழிக்கப் போவதில்லை.

என் கையெழுத்துத்தான். பதிமூன்றாம் நோட்டு, வலது பக்கம். ஸ்டூல் ஆடவில்லை, நான் பொய் சொன்னேன்.

ஏழு வருஷத்துக்கு முன் லாரியின் பின்கதவு விழுந்து அவருக்கு வலது கை விரல் மூன்று உடைந்ததே, நினைவிருக்கிறதா? நீகூட ஆறுதலாகக் கடிதம் போட்டாய். ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் வகுத்ததும் நான், பெருக்கியதும் நான். அவர் எதிரில் உட்கார்ந்து மீதியை மட்டும் கேட்பார், இடது கையால் கோழி கிறுக்கின மாதிரி கையெழுத்துப் போடுவார். மீதி பூஜ்யம் இல்லை என்றால் போதும், வேறெதையும் பார்க்க மாட்டார்.

அன்றைக்கு வியாழக்கிழமை. கட்டைத் திங்கட்கிழமை பிரிப்பதாக இருந்தது. 21649ஆல் வகுத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் 194841 நின்றது. அதில் 21649 எத்தனை தடவை போகும் என்று பார்த்தேன், ஒன்பது. பெருக்கினால் அதுவும் 194841. மேலேயும் கீழேயும் அதே எண். கழித்தால் ஒன்றுமில்லை. குட்டி, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இரண்டு வருஷமாக இவர் தேடாத இடமில்லை, என் கையில் வந்து விழுந்திருக்கிறது! கத்தப் போனேன்.

அப்போது அந்த மாவுக்கட்டைப் பார்த்தேன்.

அந்த எண் வருவதற்கு முன் நாலு வருஷம் இந்த வீடு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. நான் யாருக்கும் சொல்லவில்லை. கடைக்குப் போனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பார். "எங்க போன? யார்கூடப் பேசின? பத்து நிமிஷ வேலைக்கு எதுக்கு இருபது நிமிஷம்?" பதில் பிடிக்காவிட்டால் தட்டு பறக்கும். பிறகு மணிக்கட்டைப் பிடித்து முறுக்குவார், நிதானமாக, நான் ஒப்புக்கொள்கிற வரைக்கும். ஒப்புக்கொள்ள என்ன இருந்தது? இருந்தாலும் ஒப்புக்கொள்வேன். கிணற்றடியில் விழுந்தேன் என்று உனக்கு எழுதினேனே, எந்தக் கிணறு? இந்த வீட்டில் கிணறே கிடையாது.

அந்த எண் வந்தது, அவர் மேஜையில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து என்னைப் பார்க்கவே இல்லை. அதுதான் எனக்கு வாழ்வு. திங்கட்கிழமை கட்டைப் பிரிப்பார்கள், எண்ணும் முடிந்துபோயிருந்தால் அந்தக் கை சாயங்காலம் எங்கே வரும்?

கீழே இருந்த 194841ஐ அடித்து 194834 என்று எழுதினேன். மீதி 7. "என்ன மீதி?"ன்னார். "ஏழு"ன்னேன். "ம்"னு கையெழுத்துப் போட்டார். கடைசி இலக்கத்தை மட்டும் பெருக்கிப் பார்த்திருந்தாலே பிடித்திருப்பார். ஒன்பது ஒன்பது எண்பத்தொன்று, ஏழைக் கூட்டினால் எட்டில் முடியும், ஒன்றில் முடியாது. எனக்காக அதைக்கூடச் செய்யவில்லை.

அதற்கப்புறம் ஏழு வருஷம், பொய் என்று தெரிந்தே ஒவ்வொரு நாளும் பெருக்கிக் கையெழுத்துப் போட்டேன். அவரைப் பார்த்தால் அருவருப்பு, அந்தச் சுவரைப் பார்த்தால் அருவருப்பு, எல்லாவற்றையும்விட என்னைப் பார்த்தால்தான். இப்போது கணக்கு முடியப் போகிறது. முடிந்த பிறகு சாயங்காலங்களில் அவர் என்ன செய்வார் என்பதுதான் என் பயம். விழாவும் மாலையும் எக்கேடு கெட்டால் எனக்கென்ன!

அக்கா

ஜூன் 25

என் அக்காவுக்கு,

படித்துவிட்டுக் குளியலறையில் போய் வாந்தி எடுத்தேன். கொடுத்து வைத்தவள் என்று என் கையாலேயே உனக்கு எழுதியிருக்கிறேன். அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. மாவுக்கட்டுக்கு ஆறுதல் கடிதம் வேறு போட்டிருக்கிறேன், த்தூ.

கிளம்பி வா. எனக்கு இரண்டு அறை இருக்கிறது, ஒன்றில் நான் காயப்போடும் துணிதான் இருக்கிறது. காரணம் சொல்லாதே, துணி எடுத்து வைக்கிறேன் பேர்வழி என்று நாள் கடத்தாதே. அவர் கணக்கு முடியும் வரைக்கும் உனக்கு ஆபத்தில்லை என்றால் அதற்குள் வா.

ஒன்று மட்டும் சொல்லட்டுமா? 21649ஆல் ஒரு பதினொரு இலக்க எண்ணைக் கையால் வகுத்து நீ சரியாகப் பூஜ்யம் கண்டிருக்கிறாய். என் மாணவர்களில் பாதிப் பேருக்கு அது வராது.

குட்டி

ஆகஸ்ட் 10

அன்புள்ள குட்டிக்கு,

கால் வீங்கியிருக்கிறது, மற்றபடி சுகம். தையல்காரம்மா கடையின் உள்ளறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதைக் கூரியரில் போடுகிறேன், நாளைக்கே உனக்குக் கிடைத்துவிடும்; நாளை மறுநாள் காலை வண்டியில் வருகிறேன். விழா வரை ஏன் இருந்தேன் என்று திட்டுவாய். ஒவ்வொரு நாளும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். பயம்தான், வேறென்ன.

கூடம் நிறைந்திருந்தது. ஐம்பத்துமூன்று நோட்டையும் மேடையில் அடுக்கியிருந்தார். முக்கால் மணி நேரம் பேசினார். எடைமேடையில் ஒரு கிலோகூடப் பிசகியதில்லை, இங்கேயும் பிசகவில்லை என்றார். என்னை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார், ஆனால் பேச்சில் நான் இல்லை.

முடிந்ததும் மூன்றாவது வரிசையில் ஒரு டீச்சர் கையைத் தூக்கினார். "ஐயா, 21649ஆல வகுத்தீங்களா?" இவர் சிரித்துக்கொண்டே பதிமூன்றாம் நோட்டை எடுத்துப் பிரித்தார். "இதோ, மீதி ஏழு." "கொஞ்சம் பெருக்கிப் பாருங்களேன்."

பலகையில் பெருக்கினார். பதினொரு ஒன்று வந்தது, ஏழுக்கு இடமே இல்லை. திரும்பவும் பெருக்கினார். பிறகு நோட்டைக் குனிந்து பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், முகம் தெளிந்துவிட்டது!

மைக்கிலேயே சொன்னார்: "இது என் கையில்ல. என் சம்சாரம் போட்டது. அவளுக்குக் கணக்கு வராது. மூணாங்கிளாஸ் வகுத்தலக்கூட ஒழுங்காப் போடத் தெரியாதவள நம்பினது என் தப்பு." கூடம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, பாவம் மனுஷன் என்கிற சிரிப்பு.

நான் பேசாமல் இருந்திருக்கலாம் குட்டி. முட்டாள் என்று பேர் வாங்கினால் வீட்டில் இரண்டு தட்டு உடையும், அவ்வளவுதான். ஆனால் எனக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. எழுந்துவிட்டேன்.

"எனக்கு வகுக்கத் தெரியும். அன்னைக்கு மீதி பூஜ்யம் வந்துச்சு. நான்தான் வேணும்னே ஏழுன்னு எழுதினேன்."

"எதுக்கு?"ன்னார்.

"உங்க கை அந்த நோட்டுல இருந்தாத்தான் என் கை முறியாம இருக்கும்னுதான்."

அந்த டீச்சர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். இவர் என்னைப் பார்த்து, "ஒன்பது வருஷம்டி!" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவருக்கு வேறு எதுவும் காதில் விழவே இல்லை. நான் மேடையேறிப் பதிமூன்றாம் நோட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கால் எங்கே தடுக்கியது என்று தெரியவில்லை, வீங்கியிருக்கிறது.

ஸ்டேஷனுக்கு வா. மூட்டை ஒன்றுதான்.

அக்கா

செப்டம்பர் 5

கொழுந்தியாளுக்கு,

ஆசீர்வாதம். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு வயிறு சரியில்லை, ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை.

உன் அக்கா எடுத்துப் போன பதிமூன்றாம் நோட்டைப் பதிவுத் தபாலில் உடனே அனுப்பி வைக்கவும். வரிசையில் ஒன்று இல்லாமல் அலமாரி பொக்கையாக இருக்கிறது. சங்கத்துக்கு நான் எழுதும் விளக்கக் கடிதத்தில் வகுத்தி 21649ஐ என்னுடைய நோட்டில் கண்டதாகக் குறிப்பிட இருக்கிறேன். நோட்டு என்னுடையதுதானே.

மற்றொரு காரியம். ஈவாக வந்த 513239 பகா எண்தானா அல்லது அதுவும் உடையுமா? அதையும் சேர்த்து எழுதினால்தான் கடிதம் முழுமையாகும். 716 வரையுள்ள எல்லாப் பகா எண்ணாலும் வகுக்க வேண்டும், நூற்றிருபதுக்கு மேல் வரும். பெருக்கிப் பார்க்க ஆளில்லாததால் வேலை ஓடவில்லை. உன் அக்காவுக்குப் புத்தி தெளிந்திருந்தால் அனுப்பி வைக்கவும். நடந்ததைப் பெரிதுபடுத்த மாட்டேன்.

இப்படிக்கு,
அத்தான்

செப்டம்பர் 14

உங்களுக்கு,

குட்டிக்கு வந்த கடிதத்தை அவள் அருவருத்துப்போய் இடுக்கியால் பிடித்துக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தாள். பதிலை நான் எழுதுகிறேன். உங்கள் உடம்பை நான் விசாரிக்கவில்லை.

513239 பகா எண்தான். நூற்றிருபது வகுத்தல் தேவையில்லை. பதினொரு ஒன்றை உடைக்கக்கூடிய எந்தப் பகா எண்ணும் இருபத்திரண்டின் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்குமாம், குட்டி நேற்று காரணத்தோடு சொன்னாள், எனக்குப் புரிந்தது. 23, 67, 89, 199 என்று 716க்குள் அப்படி மொத்தம் பன்னிரண்டே பன்னிரண்டுதான். இன்று காலை பத்துமணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து பன்னிரண்டையும் வகுத்தேன். அரை மணி நேரம் ஆனது. பன்னிரண்டிலும் மீதி வந்தது, பன்னிரண்டையும் பெருக்கிப் பார்த்துவிட்டேன்.

அப்படியானால் உங்கள் ஐம்பத்துமூன்று நோட்டிலும் பத்துக்கு ஒன்பது பக்கம் போட்டிருக்கவே வேண்டியதில்லை. இதையும் விளக்கக் கடிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டை அனுப்ப மாட்டேன். நானும் வர மாட்டேன். அந்தப் பக்கத்தில் நான் அடித்து எழுதிய வரியை அழித்து, அன்று வந்ததை அப்படியே எழுதிவிட்டேன். மீதி 0. கீழே இருந்த உங்கள் இடது கைக் கிறுக்கலையும் அழித்துவிட்டேன், இப்போது ஒரே ஒரு கையெழுத்து, என்னுடையது. அதன் நகலைச் சங்கத்துக்கு நேற்றே தபாலில் போட்டாயிற்று.